பழைய படத்தில் இல்லாத கல்

கூனபாராப்ரன் வானாய்வகம், செவ்வாய்க்கிழமை

கோபக்கார மகளே,

மூன்று வருஷம் பேசாதவள், ஒரு விண்கல்லுக்குப் பயந்து பெர்த்திலிருந்து போன் செய்தாய். "போன வாரம் மோதுறதுக்கு முந்நூறுல ஒண்ணுன்னீங்க, இப்ப அறுபதுல ஒண்ணா? டெலஸ்கோப்ப வெச்சுக்கிட்டு அங்க என்னதான் கிழிக்கிறீங்க?" என்று கத்தினாய்.

பார்க்கப் பார்க்க, கல் வரக்கூடிய வழி ஒடுங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை மோதும் வாய்ப்பு ஏறத்தான் செய்யும். வெளியே வந்தால் பூஜ்யம்.

நேற்று பூமி வெளியே வந்துவிட்டது. மோதுகிற வழியில் வரும் கல் என்றால் ஏழு வருஷத்துக்கு முந்தைய எங்கள் படமொன்றில் விழுந்திருக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் மரே அதைத் தேடி எடுத்தான். "பாரு, அந்த இடம் மொட்டையா கிடக்கு! போய் டீ போடு" என்றான். நிம்மதியாகத் தூங்கு.

இன்னொன்று. என் நுரையீரலில் ஏதோ புள்ளியாம். டாக்டரும் பழைய படம்தான் கேட்கிறார். கல் அன்று இருந்திருக்கக் கூடாது. புள்ளி அன்றே இருந்திருந்தால் நல்லதாம், வளராத பழைய தழும்பு என்று விட்டுவிடலாமாம். என் பழைய எக்ஸ்ரே, நீ சண்டை போட்டுத் தூக்கிப்போன அப்பாவின் பெட்டியில் இருக்கிறது.

தபாலில் போடாதே, மடித்துவிடுவார்கள். நீயே கொண்டு வா.

உன் அம்மா