சென்னையில் ஒரு நாளைக்கு ஓரிடம்

அன்புள்ள நான்சிக்கு, வளன் எழுதுவது. லிசாவின் இருமல் நின்றதா? ஆன்றோ சாப்பிடுகிறானா?

சென்னையில் ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். முதல்நாள் வண்டலூர், மறுநாள் கடற்கரை. மதியம் பிள்ளைகள் தூங்கட்டும். நாகர்கோவிலில் நீங்கள் ஏறும் ரயிலில் நான் விருத்தாசலத்தில் ஏறிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சின்னச் சண்டை. சூளை ஆறுவதற்குள் பாண்டியன் கதவைத் திறந்துவிட்டான், பீங்கானெல்லாம் வெடித்துவிட்டது. “இன்னிக்கி நீ வூடு போயி சேர மாட்டடா” என்று மேஸ்திரி இரும்புக் கம்பியால் அவன் மண்டையைப் பிளந்தார். தரையெல்லாம் ரத்தம். அடுத்த அடிக்குக் குறுக்கே நான் கையை நீட்டினேன். பாண்டியன் பிழைத்துக்கொண்டான்.

ஆன்றோவின் தள்ளுவண்டியை மறக்காதே. ஊருக்குக் கிளம்பிய பிலோமின்ராஜ் அண்ணன் இந்தக் கடிதத்தை வாங்கிப்போக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் லிசா வலது கையில்தான் தொங்குவாள். இந்த முறை இடது கை என்று இப்போதே சொல்லிப் பழக்கு.

வளன்