அம்மாவின் கை புதைந்த படம்

மார்ச் 3

கண்காட்சி நடத்துபவர் போன் செய்தார். முப்பரிமாணப் படங்களுக்கு மட்டுமேயான கண்காட்சி. பதினோரு வருடமாக இந்தப் படங்கள் எடுக்கிறேன், நடு அறை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தங்கைக்காம்! போன வருஷம் கேமரா வாங்கியவளுக்கு! எனக்குப் படிக்கட்டுப் பக்கம். "நீங்க சீனியர், புரிஞ்சுப்பீங்க" என்றார். என்னத்தப் புரிஞ்சுக்கறது? வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 5

அவளுக்கு வாழ்த்து சொன்னேன். வாய் மட்டும்தான் சொன்னது.

மார்ச் 9

தங்கை படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு தடவை பாத்துடு. நீ சரின்னா சரி."

ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாக, ஒரே காட்சியின் இரண்டு படங்களை ஒட்டிய அட்டைகள். பார்வைப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அம்மா துணி உலர்த்தும் படம்தான் அவளுடைய முக்கியமான படம். இடது கண்ணுக்கானதை வலதிலும், வலது கண்ணுக்கானதை இடதிலும் ஒட்டியிருக்கிறாள். நம்மை நோக்கி நீள வேண்டிய அம்மாவின் கை, பின்னால் போய்ப் புதைந்து கிடக்கிறது. எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. நானும் செய்திருக்கிறேன். பிரித்து மாற்றி ஒட்ட ஐந்து நிமிஷம் ஆகாது.

"எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

ஏன்டி அப்படிச் சொன்னே என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14

இன்று திறப்பு. பத்திரிகைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "தலை சுத்துதும்மா. மாத்தி ஒட்டிட்டீங்களோ?"

தங்கை சிரித்தாள். "சான்ஸே இல்ல சார். எங்க அக்கா பாத்தது."

அடுத்து அம்மா குனிந்து பார்த்தாள். "நான் எதுக்குத் துணிக்குப் பின்னாடி போய் நிக்கறேன்?"

சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். இல்லவே இல்ல.

மார்ச் 15

காலையில் கதவு திறந்ததும் போய் மாற்றி ஒட்டினேன். திரும்பினால் தங்கை நிற்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் பெட்டிக்குள் குனிந்தாள். "அம்மா கை எவ்ளோ கிட்ட வருது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மார்ச் 28

கண்காட்சி முடிந்தது. கடைசி நாள்வரை அவள் படத்துக்குத்தான் கூட்டம். பொறாமை போய்விட்டதா? இல்லை. எனக்கு நானே எதற்குப் பொய் சொல்ல?

ஏப்ரல் 20

தங்கை வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள், பழையபடி என்னைக் கிண்டல் செய்தாள். பையில் புதுப் படங்கள் இருந்தன.

"பாக்கட்டுமா?" என்றேன்.

"பிரிண்ட் போடற லேப்காரரே பாத்துட்டார், அக்கா" என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.