மியூட் உருண்ட கச்சேரி

அன்பிற்குரியவளே,

இங்கு என் உடல்நலத்தில் குறையொன்றும் இல்லை. கீழுதடு மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது. அது தடித்த காரணத்தை விளக்கவே இக்கடிதம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இன்று சனிக்கிழமை காலை. நேற்று ஊதிய ஹார்னின் பித்தளைக் குழாய்களைக் கழற்றிச் சமையலறை மேசையில் துண்டின்மேல் காய வைத்துவிட்டு, மீதமிருக்கும் இடத்தில் தாளை வைத்து எழுதுகிறேன். நேற்று மாலைக் கச்சேரியைப் பற்றித் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ பாதியிலேயே மறித்து, "போதும் போதும், நான் கிளம்பி வர்றேன்" என்று முடிவு சொல்லிவிடுவாய். கடிதத்தை மறிக்க இயலாது. மேலும், "அக்கா, அத்தான் மேடையிலேயே பூந்தொட்டிய உருட்டி விட்டுட்டாரு" என்று உன் தம்பி உனக்கு நேற்றே செய்தி அனுப்பியதாக அவனே பெருமையுடன் ஒப்புக்கொண்டான். அவன் சொன்னது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. முழுவதையும் உன் முன் வைப்பது என் பொறுப்பு.

உன் நிபந்தனையை நான் மறக்கவில்லை. அங்குள்ள பெரிய வாத்தியக் குழு உனக்கு நிரந்தர இடம் தர முன்வந்து, புதன்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறது. நீயோ, "இங்கே முதல் ஹார்ன் இடத்தை நீங்க தாங்கிட்டீங்கன்னா நான் அங்கேயே இருக்கேன். வெள்ளிக்கிழமை தடுமாறினா புதன்கிழமையே வண்டி ஏறிடுவேன். வாதாடக்கூடாது" என்று எழுதியிருந்தாய். ஒரு வழக்கறிஞனிடம் வாதாடக்கூடாது என்பது மீனிடம் நனையக்கூடாது என்பதைப் போன்றது. இருப்பினும் நான் வாதாடப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தீர்ப்பு உன்னுடையது.

முதலில், உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகள் அதற்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அங்கிருந்து மண்டபம் வேறாகத் தெரிகிறது; மறைவதற்குப் பக்கத்தில் ஆளில்லை. என் பழைய இடத்திற்கு, மூன்றாவது ஹார்ன் வாசிக்கும் மருந்துக்கடைக்காரர் நகர்ந்து வந்தார். "வக்கீல் சார், பயம் வந்தா தயவுசெஞ்சு என் முகத்தப் பாக்காதீங்க. நான் உங்களவிட மோசமா இருக்கேன்" என்றார். அவர் முகத்தில் அது தெரிந்தது. ஏனோ அதனால் எனக்குத் தைரியம் வந்தது.

முதற்பகுதி பழுதின்றி நிறைவேறியது. இரண்டாம் பகுதி தொடங்குமுன் ஹார்னைத் திருப்பிக் குழாய்களில் தேங்கியிருந்த நீரை வடித்தேன். இந்த வேலை நான் மறக்கக்கூடியது என்று நீ அஞ்சியதால் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

இனி மியூட் பற்றி. உன் தம்பி 'பூந்தொட்டி' என்றது, ஹார்னின் வாயில் செருகி ஒலியைத் தணிக்கும் அந்தக் கூம்பைத்தான். அதன் தக்கைப் பட்டைகள் தேய்ந்திருந்ததால் சென்ற வாரம் புதிதாக ஒட்டினேன். ஒத்திகையில் அது ஹார்னின் வாயில் இறுகிச் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. கச்சேரியில் அப்படி நேரக்கூடாது என்ற முன்னெச்சரிக்கையில், உப்புத்தாளால் தக்கையைத் தேய்த்தேன். பிறகு ஐயம் தீர மீண்டும் தேய்த்தேன். அந்த இரண்டாவது தேய்ப்பு தேவையற்றது என்பது மேடையில் விளங்கிற்று.

எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து, தூரத்து எதிரொலிபோல் ஹார்ன் ஒலிப்பதற்காக மண்டபமே காத்திருக்கும் அந்த மௌனம் உனக்குத் தெரியும். சரியாக அதில், மியூட் நழுவிப் பலகையின்மேல் 'தொம்' என்று விழுந்தது. ஒரு படி இறங்கியது. அடுத்த படியும் இறங்கியது. கூம்பு வடிவப் பொருள் நேராக உருளாது என்பதை நான் அதுவரை சிந்தித்ததில்லை. அது அரைவட்டம் போட்டு, செல்லோ வாசிக்கும் அம்மையாரின் செருப்பை உரசி, யாரும் எட்ட முடியாத இடமாகப் பார்த்து, பெரிய பாஸ் வாத்தியத்திற்குப் பின்னால் போய்ப் படுத்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அது உன் அம்மா.

நம் குழுவை நடத்துபவர், அதாவது நீ பெயர் வைத்த 'குச்சிக்காரர்', குச்சியை உயர்த்தியபடியே என்னைப் பார்த்தார். என் முன் இரண்டு வழிகள் இருந்தன. மியூட் இன்றித் திறந்து வாசித்தால், மலைக்கு அப்பாலிருந்து வரவேண்டிய ஒலி அடுத்த அறையிலிருந்து வரும். மற்றொரு வழி, கையால் ஹார்னின் வாயை இறுக அடைத்து வாசிப்பது. "உங்க கை சரியா சாத்தாத கதவு மாதிரி, எப்பவும் ஒரு சந்து இருக்கு" என்று சொல்லி நீ எனக்குத் தடை விதித்த அதே முறை. கையால் அடைத்தால் சுரம் அரைப்படி ஏறிவிடும். ஆகவே தாளில் உள்ள ஒவ்வொன்றையும் மனத்தில் அரைப்படி கீழிறக்கி விரலிட வேண்டும். உனக்கு இது தெரியாததன்று. அந்த ஒரு கணத்தில் இவ்வளவும் என் தலைக்குள் ஓடிற்று என்பதைப் பதிவு செய்யவே சொல்கிறேன்.

இங்கே ஒன்றை உனக்குத் தெரிவிக்க வேண்டும். நீ போனபின், தினமும் காலையில் அலுவலகம் கிளம்புமுன் குளியலறையில் நின்று அந்த அடைப்பைப் பழகி வந்தேன். வீட்டில் கேலி செய்ய ஆளில்லாதது ஒருவகையில் வசதியாக இருந்தது. ஒருவகையில்தான். கீழ்வீட்டுக்காரர், மேலே குழாயில் காற்று அடைத்துக்கொண்டது என்று எண்ணி ஒருநாள் பிளம்பரையே அழைத்து வந்துவிட்டார். பிளம்பர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது நம்ம வேலை இல்ல சார்" என்று திரும்பிப் போனார்.

கையை உள்ளே செலுத்தி மூடினேன். சந்து இல்லை. முதல் எதிரொலி, மெலிந்து, உலோகத்தின் கூர்மையோடு, எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் வந்தது. நம்பு. அரைப்படி கீழிறக்கியதில் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. மருந்துக்கடைக்காரர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குள், ஹார்ன் வரிசையின் கடைசியில் இருந்த உன் தம்பி, நல்லெண்ணத்தோடு, தன் மியூட்டைக் கைமாற்றி எனக்கு அனுப்பிவிட்டான். இரண்டாவது எதிரொலிக்கு அதைப் பொருத்தினேன். மியூட் பொருத்தினால் எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும். நானோ, சரியாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை நிறுத்த மனமின்றி, அரைப்படி கீழேயே தொடர்ந்தேன். வயோலாக்கள் இழுத்துப் பிடித்திருந்த சுரத்தோடு என் சுரம் மோதியது. குச்சிக்காரரின் இடப்புருவம் மேலே போயிற்று. "சார், இப்ப மியூட்டு" என்று மருந்துக்கடைக்காரர் உதடு அசையாமல் சொன்னார். மூன்றாவது சுரத்தில் நேராகிவிட்டேன். ஆக, பிழை இரண்டு சுரங்கள். அதை மறைக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இனி நீ உண்மையில் அஞ்சிய இடத்திற்கு வருகிறேன். கடைசிப் பகுதியின் நீண்ட ஏற்றம். தனியாக, மியூட் இல்லாமல், கீழிருந்து தொடங்கி அந்த உச்சிச் சுரம் வரை. நீ ஊருக்குக் கிளம்புமுன் ஒத்திகையில் நான் ஒவ்வொரு முறையும் விரிசல் விட்ட அதே இடம். வெட்கப்படுவதற்கு இருந்த அத்தனையையும் மியூட்டே உருட்டிக்கொண்டு போய்விட்டது போலும். என்னிடம் அச்சம் என்று ஒன்றும் மிச்சமில்லை. மூச்சை அடிவயிறு வரை இழுத்தேன். ஏறினேன். உச்சிச் சுரம் வந்தது. விரிசலின்றி, அகலமாக, நான் விடச் சொல்லும் வரை நின்றது. அது என் ஹார்னிலிருந்துதான் வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கீழுதடு தடித்ததும் அதனால்தான்.

முடிந்ததும் குச்சிக்காரர் என்னை மட்டும் தனியே எழுந்து நிற்கச் சொன்னார். பின்னறையில், "வக்கீல் சார், நடுவுல ரெண்டு சுரம் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய்தா கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கொடுத்தாச்சு. ஆனா இந்த வருஷம் முழுக்க அந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்காதீங்க" என்றார். அவர் சொற்களை மாற்றாமல் தந்திருக்கிறேன். வேண்டுமானால் அவரையே விசாரித்துக்கொள்.

உன் அம்மா வாசலில் காத்திருந்து, "மாப்பிள்ளை, அந்தத் தொட்டி உருண்டது பாட்டுலயே உள்ளதுதானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சேத்துக்குங்க, நல்லாருந்துச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசில வாசிச்சீங்களே, அத அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, பாசத்துல சொல்றேன்னுவா" என்றார். ஆகவே நானே சொல்கிறேன்.

நீ ஒரே ஒரு நிபந்தனை விதித்தாய். அது நிறைவேறிவிட்டது. ஒன்றும் தவறாதவன் தாங்குவானா என்று யாரும் அறிய முடியாது. தவறிய பிறகும் வாசித்தவனைப் பற்றி ஓரளவு சொல்லலாம். நீ திரும்பி வருவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையன்று. அவ்விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது.

நீ அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு விடுப்புப் பற்றிய பிரிவில் மட்டும், விடுப்பைச் சேர்த்தெடுக்கலாமா என்பது தெளிவாக இல்லை. அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். இதை என் தொழில்முறை ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

குளிரில் வாசிக்குமுன் ஹார்னை நன்றாகச் சூடேற்றிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் மூச்சு நீளட்டும். புதிய இடத்தில் உனக்கு நல்ல காதுகள் வாய்க்கட்டும்.

இக்கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமை வரை காத்திருக்காதே. அன்றைக்கே சம்மதம் சொல்லிவிடு. தாமதித்தால், இதற்கு நேர்மாறாக நான் இன்னொரு கடிதம் எழுதிவிடக்கூடும்.

என்றும் உன்னுடையவன்,
உன் கணவன்