ஜின்செங் பாட்டில் என் கைப்பையில்

ஏங்க,

நீங்க நல்லா தூங்கினதால எழுப்பல. மீன்குழம்பு அடுப்பு மேல இருக்கு.

உங்க தம்பி வெஸ்லி கொடுத்த ஜின்செங் வேர் மருந்து பாட்டிலைத் தேடாதீங்க. டாக்டர்கிட்ட காட்ட எடுத்துட்டுப் போறேன். "உனக்கென்ன தெரியும்?"னு நேத்து கத்தினீங்களே, நாச்சாரம் லேப்ல பதினெட்டு வருஷம் அந்த வேர்ல இருக்கிற ஜின்செனோசைடுங்கிற சத்தை அளந்தவ நான். சோர்வுக்கு அது உதவலாம், மறுக்கல. ஆனா வால்வு மாத்தின உங்களுக்கு ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மாத்திரையோட பலத்தை அது குறைச்சிடலாம். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனையில அந்த மாத்திரை வேலை செய்யறதைக் காட்டுற அளவு இறங்கியிருக்கே, பார்த்தீங்களா?

வெஸ்லி சாயங்காலம் வந்து கேட்டா, உன் அண்ணி வேலைதான்னு சொல்லுங்க. இன்னொரு பாட்டில் கொண்டு வந்தாலும் நக்கோன்னா நக்கோதான், வேண்டவே வேண்டாம்.

ஜெயசுந்தரி

மாத்திரையை மறக்காதீங்க.

கோபம்னா கோபமாவே இருங்க. நீங்க இருந்தா போதும்.