அணைத்தாலும் நிற்கும் படம்

புனே

அப்பா, வணக்கம். முதுகுவலிக்கு வேப்பந்தட்டை போய் டாக்டரைப் பார்த்தீர்களா? ‘பாக்கலாம்’ என்று மழுப்ப வேண்டாம். அம்மாவுக்குச் சளி விட்டதா?

நான் நலம். இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பதற வேண்டாம். நான் வாங்கிய எழுதும் டேப்லெட்டை அணைத்தாலும் திரையில் ஒரு படம் நிற்கும். அதில் நீங்கள் கட்டிய வெங்காயப் பட்டறையை வைத்திருந்தேன். வெளியாட்கள் வந்த கூட்டத்தில் எங்கள் சென்னைக்கார மேனேஜர் பார்த்துவிட்டார்.

“என்னப்பா இது, கோழிக்கூண்டா?”

“வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறை சார். எங்கப்பா கட்டுனது.”

“கஸ்டமர் முன்னாடி இதெல்லாமா? கம்பெனி லோகோவை வை.”

“என் காசுல வாங்குனது சார். மாத்த மாட்டேன்.”

வெளியே போகச் சொன்னார், போனேன். திங்கட்கிழமையும் கூட்டம் இருக்கிறது. அன்றும் லோகோ இல்லையென்றால் இந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவாராம். தூக்கட்டும்.

ஒரு உதவி. தங்கச்சி இலக்கியாவை நல்ல வெயிலில் வேறு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பட்டறை வேண்டாம், நீங்களும் அம்மாவும் முன்னால் நில்லுங்கள். திரை கறுப்பு வெள்ளைதான், அம்மா சேலை மாற்ற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் இருவரோடுதான் போவேன்.

வண்டி வந்துவிட்டது.

கலையரசன்