ஓரம் மடித்த சேலை

பம்மல்,
திங்கட்கிழமை மாலை.

அன்பு மகள் பிரசன்னாவுக்கு,

உன் அம்மா பேபி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். மாதம் தவறாமல் உனக்கு எழுதுகிறவர் அவர் என்பதால், என் எழுத்தைக் கண்டால் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நினைத்துக்கொள்வாய். யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் இப்போது பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறார். நான் கடிதம் எழுதுகிறேன் என்றதும் கேட்காமலே மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி நடப்பது இரண்டாவது முறை. முதல் முறை நீ பிறந்தபோது.

அங்கே கன்னியர் மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் உங்கள் கைக்குத் தருவார்களாமே. அப்படியானால் முதலில் மதர் அவர்களுக்கு என் வணக்கம். இதில் நடுநடுவே உங்களிடமும் இரண்டு வார்த்தை பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன் இல்லாத இடத்தில் பிள்ளையை விட்டிருக்கிறேன். கடிதத்திலும் மனசில் இருப்பதை எழுதக் கூடாது என்றால் என்னால் ஆகாது.

இரண்டு வருஷமாக உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. நீ திண்டுக்கல்லுக்குப் பெட்டியோடு புறப்பட்ட அன்று வாசலில் நின்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நீ சிஸ்டர் சேலை கட்டும் நாளில் நான் அந்தத் திசைக்கே வர மாட்டேன் என்றேன். நீயும் மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் போன மாதம் மடத்திலிருந்து வந்த பட்டியலின் அடியில் பென்சிலால் சின்னதாக, "அம்மா வருவாங்களாப்பா?" என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்தார். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் எடுக்க, தயிர் எடுக்க, எதற்குப் போனாலும் அந்தப் பென்சில் எழுத்துதான் கண்ணில் படும். வாயில்லாப் பூச்சி என்று உன் அப்பாவை ஊரே சொல்கிறது. ஊருக்கு என்ன தெரியும்.

பட்டியலில் இருந்தது ஒரே ஒரு சேலைதான். நீ துறவற வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பருத்திச் சேலை, சந்தன நிறம், பூ கூடாது, பார்டர் கூடாது. பெற்றவர்கள் வாங்கி, அன்றைக்குத் தட்டில் வைத்துப் பீடத்துக்கு எடுத்து வர வேண்டும். ஹேமா ஆன்ட்டி இதைக் கேள்விப்பட்டதும், வாங்குவதை வாங்கு, வாங்காததை வாங்காதே, ஆனால் இந்த சனி ஞாயிறு என்னோடு கிளம்பு என்றாள். அவளுக்கு டி.நகரில் ப்ளவுஸ் துணி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலியின் கவுனும் இடம்பெறும் ஃபேஷன் கண்காட்சி நுங்கம்பாக்கத்தில். இடையில் ஒரு இரவு மேற்கு மாம்பலத்தில் அவள் தங்கை வீட்டில் தங்கல். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் மறுக்க முடியுமா? அஞ்சலியோ உன்னோடு டிசைனிங் படித்த பெண். கிளம்பிவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயில். மாம்பலத்தில் இறங்கினால் நாம் நடக்க வேண்டியதே இல்லை, ரங்கநாதன் தெருக் கூட்டம் தானே கொண்டுபோய்க் கடையில் விட்டுவிடும். ஹேமாவுக்கு வேண்டியது மூன்று ப்ளவுஸ் பிட். அதில் ஒரு மாம்பழ மஞ்சளுக்கு மட்டும் ஐந்து கடை ஏறினோம். ஒவ்வொரு கடையிலும் துணியை வாசல்வரை தூக்கி வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், திரும்பக் கொடுப்பாள். கடைசியில் முதல் கடையிலேயே வாங்கினாள். நான் சண்டை போடவில்லை. நடுவில் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

என் முறை வந்தது. கடைப்பெண் பொறுமைசாலி. சந்தன நிறத்திலேயே பதினைந்து சேலை விரித்தாள். ஒன்றிலும் பார்டர் இல்லை. பட்டியலுக்குப் பொருத்தம். எனக்குத்தான் கை போகவில்லை. இந்தப் பம்மலில் யார் வீட்டுக் கல்யாணச் சேலைக்கும் ஓரம் அடித்து ஃபால்ஸ் தைப்பது நான். ஓரமில்லாத சேலை என் கண்ணுக்குச் சேலையாகவே தெரியவில்லை, துணி மாதிரி இருந்தது. ஹேமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னா பேபி, ஊருக்கெல்லாம் ஓரம் அடிக்கிற, உன் பொண்ணு சேலைக்கு மட்டும் ஓரமே வாணான்றாங்களா?" என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னது. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை நானே உருவினேன். அதே சந்தன நிறம், ஆனால் ஓரத்தில் விரலகலத்துக்குப் பச்சை. உனக்குப் பிடித்த அதே பச்சை. அதற்குக் கடையில் ராமர் பச்சை என்று பெயர். பெயருக்கு நான் பொறுப்பில்லை, மதர். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன், பில் போடச் சொல்லிவிட்டேன். தெரியாமல் வாங்கவில்லை. இது ஆகாது என்று மடத்தில் திருப்பி அனுப்பட்டும், சேலை இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் பார்ப்போம் என்ற எண்ணம்தான். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் புத்தி.

ஞாயிறு காலை பூசை பார்த்துவிட்டுக் கண்காட்சிக்குப் போனோம். ஏசி ஹால், வாசலில் பன்னீர் தெளித்தார்கள், உள்ளே எல்லாம் தலையில்லாத பொம்மைகள். ஒரு கவுன் அசல் கோணிப்பை மாதிரியே இருந்தது. விலையைக் கேட்ட ஹேமா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு சட்டைக்குத் தோள்பட்டையில் தையல் பாதியில் நிற்கிறது, நூல் தொங்குகிறது. பாவம், அவசரத்தில் விட்டுவிட்டார்கள் போல என்று நான் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தே விட்டேன். காவலாளி ஓடி வந்தார். அப்புறம் அஞ்சலி வந்து விளக்கினாள். முடிக்காமல் விட்டதுதான் டிசைனாம். போட்டுக்கொள்கிறவர் விருப்பப்படி முடித்துக்கொள்ளலாமாம். என் கடையில் இப்படிக் கொடுத்தால் அடி விழும் என்றேன். அஞ்சலி விழுந்து விழுந்து சிரித்தாள். நாவலூரில் நல்ல வேலை, ஆனாலும் சிரிப்பு மாறவில்லை.

அவள் செய்த கவுன் கடைசி வரிசையில் இருந்தது. கைத்தறி, வெங்காயத்தோல் நிறம். கிட்டே போனதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்தக் கவுனின் கை உன்னுடையது. அப்பாவின் பழைய வேட்டியை வெட்டி, இதழ் மேல் இதழாக மடித்து, என் மிஷினில் நீ தைத்துப் பார்த்த அதே கை. வேட்டிக்காக உன்னைத் திட்டினேனே. அட்டையில் அஞ்சலியின் பெயருக்குக் கீழே "கை வடிவம்: பிரசன்னா" என்று அச்சடித்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா அந்தக் கையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் மகள் வரைந்தது என்று வாய் முந்திக்கொண்டது. எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டார்.

இங்கே உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபால்ஸ் தைக்க வருகிற பெண்களிடமெல்லாம் இரண்டு வருஷமாக, நீ கோயம்புத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைனர் என்று சொல்லி வந்தேன். கோயிலில் மறைக்க முடியாது, சாமியாரே பீடத்தில் நின்று அறிவித்துவிட்டார். தெருவில் மறைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று முறை சொல்லி மன்னிப்புக் கேட்டு, மூன்று முறையும் வெளியே வந்து மறுபடி அதே பொய்.

அந்த அம்மா கேட்டதும் பழக்கத்தில் கோயம்புத்தூர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் பெயர் அச்சடித்த அட்டை எதிரில் இருந்தது. "என் பொண்ணு சிஸ்டராகப் போறாங்க. மே மாசம் வார்த்தைப்பாடு" என்றேன். சொல்லிவிட்டு, இடி விழப்போகிறது என்று நின்றேன். அவர், "அப்படியா, ரொம்ப நல்லதுங்க. இந்தக் கை டபுள் எக்ஸெல்ல வருமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், பிரசன்னா. இரண்டு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்தது, அந்த அம்மாவின் கைச் சுற்றளவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன் என்று ஹேமா தெரு முழுக்கச் சொல்லி வருகிறாள். கொஞ்சம்தான் அழுதேன். திரும்பும்போது லேடீஸ் பெட்டியில் பூக்காரி ஒருத்தி, இரண்டு கல்லூரிப் பெண்கள், எல்லோரிடமும் நானாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். பல்லாவரம் வந்ததும் ஹேமா என் வாயை மூடித்தான் இறக்கினாள்.

இன்று காலை சேலையை எடுத்து உட்கார்ந்தேன். வேறு வாங்கி வரட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். பச்சை ஓரத்தை மேலும் கீழும் உள்பக்கமாக மடித்தேன். கீழே சந்தன நிற ஃபால்ஸ் வைத்து மூடினேன். வெளியே பார்க்கிறவருக்குப் பார்டர் இல்லாத சேலைதான். இரண்டு விரல் அகலம் மடிப்பில் போயிருக்கிறது. உன் உயரத்துக்கு அதனால் நஷ்டமில்லை. உள்ளே பச்சை இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மதர் அவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மதர், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கத்தரிக்கச் சொல்லாதீர்கள். மடிப்புக்குள் இருப்பது யாரை என்ன செய்யும்?

வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் வருகிறோம். ஹேமா ஆன்ட்டியும் வருகிறாள், உங்கள் கோயிலுக்கு எந்தச் சேலை பொருந்தும் என்று இப்போதே கேட்டுக் குடைகிறாள். தட்டை நான்தான் தூக்கி வருவேன். அப்பா கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்த மடிப்பை நான் மிஷினில் அடிக்கவில்லை. கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கிறேன். நூல் முனையில் முடிச்சும் போடவில்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுக்க வந்துவிடும், பச்சை வெளியே வந்துவிடும். இருபது வருஷத்தில் யாருக்கும் இப்படி அரைகுறையாகத் தைத்துக் கொடுத்ததில்லை. நீ அதை இழுக்கவே கூடாது என்று மாதாவிடம் வேண்டுகிறேன் என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்வதை விட்டுவிட்டேனே, அதனால் எழுதவில்லை. நீ சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

எத்தனை வருஷம் கழித்தும் உனக்கு அந்தச் சேலை இப்படியே போதும் என்று தோன்றினால், ஒரு வரி எழுது. ஊசியோடு வந்து முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு,
அம்மா.