பேப்பரில் வந்த உன் நோய்

மாப்ள,

காலையில பள்ளிபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாரியம்மன் பண்டிகை நாடகத்துக்கு பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பசை வாடை கூடப் போகவில்லை. டைரக்டர் முகத்தின் மேல் வேறொரு முகத்தை ஒட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே பழைய ஆளின் கட்டம் போட்ட சட்டை அப்படியே இருந்தது. முதலில் சிரித்தேன். அப்புறம் உன் ஞாபகம் வந்து எரிச்சலாகிவிட்டது.

டைரக்டராயிருந்த உன்னை மாற்றிய வருஷமும் இதே கதைதானே. கமிட்டித் தலைவரின் மருமகன்தான் கதாநாயகன். ஒத்திகைப் பக்கமே தலை காட்டவில்லை. நாடகம் ரெண்டு தடவை தள்ளிப்போனது. "வசனம் தெரியாதவனை மேடையேத்த மாட்டேன்" என்றாய். மருமகனையா மாற்றுவார்கள்? உன்னை மாற்றினார்கள்.

பேப்பர்க்காரர் நேராக என்னிடம் வந்தார். காமெடி வேஷக்காரன் எதையும் உளறிவிடுவான் என்று நினைத்திருப்பார். "ஏனுங்க, டைரக்டரை எதுக்குங்க மாத்தீட்டாங்க?" உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, "அவருக்கு உடம்பு சரியில்லீங்க" என்று அடித்துவிட்டேன். மூணாங்கிளாஸ் தாண்டாத மூளைக்கு அதுக்கு மேல் பொய் தோன்றவில்லை.

மறுநாள் கொட்டை எழுத்தில், 'உடல்நலக் குறைவால் இயக்குநர் விலகல்.' உன் ஊட்டு வாசல் பூராவும் பார்க்க வந்தவர்களின் செருப்பு. ஆப்பிள், சாத்துக்குடி, இளநி. நீயோ தறியில் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். "எந்திரிச்சு நிக்காத சாமி, படுத்துக்கோ" என்று ஒரு பெரியம்மா உன்னை அதட்டினாள்.

நான் உள்ளே வந்ததும் ஒரு சாத்துக்குடி என் மண்டைக்குப் பறந்து வந்தது.

"ஏன்டா, நீக்கீட்டாங்கன்னு சொல்லியிருந்தா சண்டைக்காரன்னு நெனைப்பான். சண்டைக்காரனை அடுத்த ஊர்க்காரன் கூப்புடுவான்டா. நோயாளிய எவன்டா கூப்புடுவான்?"

அப்படியேதான் ஆனது. நாடகம் போட உன்னைப் பேசி வைத்திருந்த மூணு ஊர்க்காரர்களும் "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பிடித்தார்கள். நான் பேப்பர்க்காரரிடம் ஓடினேன். "அவருக்கு நோயே இல்லீங்க, அதைப் போடுங்க" என்று கெஞ்சினேன். போட்டார் புண்ணியவான்: 'இயக்குநர் பூரண குணமடைந்தார்.' ரெண்டாம் நடையாகப் பழம் வந்து இறங்கியது. ஒரு வாரம் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஊர்க்காரரும் உன் முகத்தைத் தேடி வரவில்லை.

போன தை மாசம் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தாய். எழவுக்கு வந்தவர்கள் என் காதுபடவே சொன்னார்கள்: "பாவம், அவருக்கு முன்னயே உடம்புக்கு முடியாதுங்களே."

"லாரிங்க! லாரி மோதிப் போனாருங்க!" என்று கத்தினேன்.

"ஆமாங்க, அப்பவே பேப்பர்ல வந்துதுங்களே" என்று தலையாட்டினார்கள்.

இப்போது யாரைப் பற்றி எவர் கேட்டாலும், "அவருகிட்டயே கேட்டுக்கங்க" என்று நகர்ந்துவிடுகிறேன். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் அப்படிச் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டாய். நின்று, நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது: "அவனுக்கு ஒன்னுமே இல்லீங்க. நல்லாத்தான் இருந்தான்."